கண்ணில் பறந்த பூச்சி

ஜூன் 5, புதன்

பொங்கலுக்கு நூல் கடைக்காரர் கொடுத்த டைரி இது. இத்தனை மாதமாக பீரோவுக்கு மேல் தூசி படிந்து கிடந்தது. இன்று துடைத்து எடுத்துவிட்டேன். ஜூன் மாதத்தில் டைரி எழுத ஆரம்பிக்கிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். இருந்துவிட்டுப் போகிறேன். சந்தோஷத்தை எங்கேயாவது கொட்டியாக வேண்டும். வாயால் சொன்னால் கண் பட்டுவிடும் என்கிறார் அத்தை. எழுதினால் படாது என்று நானாக முடிவு செய்துவிட்டேன்.

மாத்திரை கொடுத்துவிட்டார்கள்!

கல்யாணமாகி ஏழு வருடம். பழனிக்கு நடந்து போனேன், செவ்வாய்க்கிழமை தோறும் பட்டினி கிடந்தேன், யார் யாரோ கொடுத்த வேரையெல்லாம் அரைத்துக் குடித்தேன். காரணம் சொல்லி ஒரு மருந்து கைக்கு வருவது இதுதான் முதல் தடவை. முட்டை ஒழுங்காக வளர்வதில்லை, வளர வைக்க மாத்திரை இருக்கிறது, அவ்வளவுதான் விஷயம் என்றார் டாக்டரம்மா. அவ்வளவுதானா! எனக்கு அங்கேயே அவர் காலில் விழலாம் போல இருந்தது.

ஸ்கேன் எடுத்து, ரத்தம் எடுத்து, கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, காமாலை வந்திருக்கிறதா, முட்டைப்பையில் கட்டி இருந்ததா என்று ஆயிரம் கேள்வி. பெண் பார்க்க வந்தவர்கள்கூட இத்தனை கேட்கவில்லை. அப்புறம் மாத்திரை பற்றிச் சொன்னார். உடம்பு சூடாகும், தலை வலிக்கலாம், சிலருக்கு ரெட்டைக் குழந்தை தரிப்பதும் உண்டு என்றார். அதற்கு மேலும் நிறையச் சொன்னார். மாமா தலையாட்டினார், நானும் ஆட்டினேன்.

வெளியே வந்து வண்டியில் ஏறியதும் கேட்டேன்.

“ஏனுங் மாமா, கடைசியா என்னமோ சொன்னாங்களே, என்னது?”

“ரெட்டைன்னு சொன்னாங்கல்ல.”

“அதுக்கப்புறம்.”

“அதுக்கப்புறம் என்ன வேணும் உனக்கு?” என்று சொல்லிவிட்டு, சிக்னலில் நிற்கும்போது தனியாகச் சிரித்தார்.

ஜூன் 6, வியாழன்

டைரிக்கு யாரையும் தெரியாதல்லவா. மாமா என்றால் என் வீட்டுக்காரர் நந்தகோபால். குட்டியானை வண்டி வைத்து, சாயப்பட்டறைக்கும் பனியன் கம்பெனிகளுக்கும் துணி ஏற்றுகிறார். அத்தை அவருடைய அம்மா. நான் கோகிலவாணி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்.

இன்று முதல் மாத்திரை. சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. அட்டையை எங்கே வைப்பது என்று நான் யோசிப்பதற்குள் அத்தை வாங்கி முருகன் படத்துக்குக் கீழே வைத்துவிட்டார். ராத்திரி சாப்பிட்டதும் விபூதி பூசி, மாத்திரை எடுத்துக் கையில் கொடுத்தார். தண்ணீரும் அவரே. நான் வாயைத் திறந்தது மட்டும்தான்.

ஜூன் 8, சனி

கம்பெனியில் புது ஆர்டர். என்ன துணி தெரியுமா? ஜப்லா! கைக்குழந்தைகளுக்கு, பால் வெள்ளையில், ஓரத்தில் மட்டும் மஞ்சள் பட்டை. இத்தனை நாள் எருமை மாதிரி ஆட்கள் போடுகிற டி-ஷர்ட்டாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். மாத்திரை போட ஆரம்பித்த வாரத்திலேயே ஜப்லா வருகிறதென்றால் இதற்கு என்ன அர்த்தம்? நான் எதுவும் சொல்லவில்லை. டைரி புரிந்துகொள்ளும்.

என் வேலை இதுதான். தைத்து வருகிற பீஸை டியூப் லைட்டுக்குக் கீழே விரிக்க வேண்டும். முன்பக்கம், பின்பக்கம், உள்பக்கம். கறை, ஓட்டை, விட்டுப்போன தையல் எது இருந்தாலும் அந்த இடத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ரிஜெக்ட் கூடையில் போட வேண்டும். அது செகண்ட்ஸ் ஆகிவிடும், கப்பல் ஏறாது. கோகிலா கண்ணுக்குத் தப்பியது கடவுள் கண்ணுக்கும் தப்பும் என்பார் எங்கள் சூப்பர்வைசர் பாலு அண்ணன். தற்பெருமைதான். இருந்தாலும் உண்மை.

ஜூன் 10, திங்கள்

இந்த மாதத்துக்கு மாத்திரை முடிந்தது. முகம் குப்பென்று சூடாகிறது. வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்!

இன்று ஜப்லா ஒன்றில் முதல் கறை பிடித்தேன். நெஞ்சுப் பக்கம், கடுகைவிடப் பொடி. ஈரம் போல மினுங்கியது. மிஷின் எண்ணெய். அம்பு ஒட்டிவிட்டேன்.

ஜூன் 12, புதன்

ரஞ்சிதம் அக்கா மிஷினில் எண்ணெய் ஒழுகுகிறது, சந்தேகமே இல்லை. எங்கள் லைனில் கடைசி மிஷின் அவருடையது, அவர் கையிலிருந்து நேராக என் மேஜைக்கு வரும். இன்று கூடை நிறைய ரிஜெக்ட். எல்லாம் அதே பொடிக் கறை.

அக்கா எழுந்து வந்துவிட்டார். “ஏங்கண்ணு, ரெண்டு தடவ மிஷினத் தொடச்சுட்டேன். இன்னும் எங்கிருந்து கறை வருது?”

“வருதுங்க்கா. நான் என்ன பண்ணட்டும்.”

மூன்று பிள்ளை பெற்றவர், கம்பெனியில் எல்லோரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார். பாலு அண்ணனையும் கண்ணுதான். கோபத்திலும் கண்ணுதான். அதனால் அவர் கோபமாக இருக்கிறாரா என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

ஜூன் 15, சனி

ஸ்கேன். முட்டை நன்றாக வளர்ந்திருக்கிறது! திரையில் கறுப்பாக ஒரு வட்டம். “பாருங்க, அழகா இருக்கு” என்றார் டாக்டரம்மா. என் வாழ்க்கையில் நான் பார்த்த அழகான வட்டம் அதுதான். மாமா வெளியே இருந்ததால் அவருக்குக் காட்ட முடியவில்லை. நான் விரலால் காற்றில் வரைந்து காட்டினேன். ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள்.

வரும்போது சிஸ்டர் மருந்துச் சீட்டில் குறித்துக்கொண்டே கேட்டார். “வேற ஏதாவது தொந்தரவு இருக்காம்மா?”

“கண்ணுல பூச்சி பறக்குதுங்க சிஸ்டர்.”

“வேலைக்குப் போற பொண்ணுங்க எல்லாம் இப்படித்தான். காலைல சாப்பிடறதே இல்ல. ரத்தம் கம்மியா இருக்கும். பேரிச்சம்பழம் சாப்பிடுங்க, கீரை சாப்பிடுங்க.” சத்து மாத்திரை ஒன்று சேர்த்து எழுதிக் கொடுத்தார்.

காலையில் ஆறு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் போயிருந்தேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

ஜூன் 17, திங்கள்

ஒரு காரியம் செய்துவிட்டேன். நாத்தனார் பிள்ளைக்கு என்று சொல்லி பாலு அண்ணனிடம் ஒரு ரிஜெக்ட் ஜப்லா கேட்டு வாங்கினேன். முதல் முதலில் கறை பிடித்தேனே, அதே பீஸ். நாத்தனார் பிள்ளை ஒன்பதாவது படிக்கிறான். பாலு அண்ணன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பிறப்பதற்கு முன்னே துணி வாங்கக் கூடாது என்பார்கள். இது வாங்கியதில்லை, ஓரமாகப் போனதை எடுத்துக்கொண்டது. முகூர்த்தப் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன். அம்பு ஸ்டிக்கரைக்கூட எடுக்கவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

சின்ன மாமனார் வீட்டு மருமகள் மாசமாக இருக்கிறாள், அவளுக்குக் கட்டுச்சோறு விருந்து. போகவில்லை. தலைவலி என்று சொன்னேன்.

துணி துவைத்தேன். மாவு ஆட்டினேன். அடுப்புத் திட்டை ரெண்டு தடவை தேய்த்தேன்.

ஜூலை 1, திங்கள்

தேதி தள்ளிப் போகிறது!!

எழுதக் கூடாது, எழுதக் கூடாது என்று மூன்று நாள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். இன்று அத்தையே கண்டுபிடித்துவிட்டார். தோசை ஊற்றும்போது கல்லுக்கு மேல் மினுமினுவென்று ஏதோ ஓடியது, கரண்டியோடு பின்னால் நகர்ந்துவிட்டேன்.

“என்னாச்சு கோகிலா?”

“ஒண்ணுமில்லீங் அத்தை. கண்ணுல பூச்சி பறக்குது.”

அத்தை அடுப்பை அணைத்தார். என்னை உட்கார வைத்தார். என் முகத்தையே பார்த்தார். “நந்து வயித்துல இருக்கறப்ப எனக்கும் இப்படித்தான். எந்திரிச்சா பூச்சி பறக்கும், உக்காந்தா பூச்சி பறக்கும்.” அப்புறம் உள்ளே போய், உப்பும் மிளகாயும் எடுத்து வந்து என்னைச் சுற்றி அடுப்பில் போட்டார். மிளகாய் நெடியே வரவில்லை, எத்தனை கண் பட்டிருக்கிறது பார் என்றார். எனக்குத் தும்மல் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

சாயங்காலம் மாமா ஒரு கூடை மாம்பழத்தோடு வந்தார். அத்தை போன் போட்டிருக்கிறார். நான் மாங்காய் கேட்பேன் என்று தெரியாமல் பழம் வாங்கி வந்துவிட்டாராம், நாளைக்கு மாங்காய் வாங்கித் தருகிறாராம். நான் எதையும் கேட்கவில்லை. ஆனாலும் ரெண்டு பழம் தின்றேன்.

ஜூலை 4, வியாழன்

வந்துவிட்டது.

ஜூலை 5, வெள்ளி

டாக்டரம்மாவிடம் போனோம். முதல் மாதத்திலேயே நிற்கும் என்று யார் சொன்னது என்று கேட்டார். யாரும் சொல்லவில்லைதான். திரும்ப ஸ்கேன் பார்த்தார், கட்டி எதுவும் இல்லை. இந்த மாதம் ரெண்டு மாத்திரையாகக் கூட்டியிருக்கிறார். ரெண்டு! போன மாதம் ஒன்றுக்கே அப்படி வட்டம் வந்ததென்றால் இந்த மாதம் என்னென்ன வரும்!

நேற்று அழுதது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

சிஸ்டர் கேட்டார், தொந்தரவு ஏதாவது இருக்கிறதா என்று. இல்லை என்றேன். திரும்பவும் பேரிச்சம்பழத்தில் ஆரம்பிப்பார்.

அதுமட்டும் இல்லை. ஏதாவது சொல்லப்போய் மாத்திரையை நிறுத்திவிட்டால்?

ஜூலை 8, திங்கள்

நல்ல நாளாக விடிந்தது, நாசமாகப் போனது.

காலையிலிருந்து ஒரு பீஸ்கூட ஓகே இல்லை. ஒரு கறைக்குப் பக்கத்தில் இன்னொரு கறை, ஓரமெல்லாம் சரிகை மாதிரி மினுக்கம். அம்பு ஒட்டி ஒட்டி ஸ்டிக்கர் சுருள் தீர்ந்துவிட்டது. மதியம் பாலு அண்ணன் கூடையைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனார். ஒவ்வொன்றாக விரித்தார். என்னைக் கூப்பிட்டார்.

“எங்கம்மா கறை?”

“அம்பு இருக்குதுல்லங்ணா.”

“அம்பு இருக்குது. கறை எங்க?”

“காஞ்சிருக்கும்.”

“எண்ணெய் காயுமா கோகிலா?”

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. என் கண்ணைப் பற்றி என்னிடமே கேள்வியா? ரஞ்சிதம் அக்காவைக் காப்பாற்றுகிறீர்களா என்று கேட்டுவிட்டேன். லைனில் எல்லா மிஷினும் நின்றுவிட்டது.

ரஞ்சிதம் அக்கா எழுந்தார். என்னைக் கண்ணு என்று கூப்பிடவில்லை.

“புள்ளையில்லாதவ, புள்ளைத்துணி மேல ஆத்திரத்தக் காட்டறா. அதுக்கு என்ற பொழப்புதான் கெடச்சுதா?”

நான் மேஜைக்கு வந்துவிட்டேன். அடுத்த பீஸை எடுத்து விரித்தேன். வெள்ளையில் ஒன்றுமே தெரியவில்லை, அது கண்ணீரால். அதற்கும் ஒரு அம்பு ஒட்டினேன்.

ஜூலை 9, செவ்வாய்

இன்று நடந்ததை ஒன்றுவிடாமல் எழுத வேண்டும்.

சாயங்காலம் மழை. மினி பஸ் வரவில்லை. நான் ஸ்கூட்டியில் கிளம்பும்போது ரஞ்சிதம் அக்கா கேட் ஓரத்தில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். தாண்டித்தான் போனேன். பத்தடி போய் நிறுத்திவிட்டேன்.

“ஏறுங்க்கா.”

யோசித்து ஏறினார். பெட்ரோல் பங்க் திரும்பும்போது எதிரே வந்த லாரியின் வெளிச்சம் அப்படியே உடைந்து, பூச்சிக் கூட்டமாக ரோட்டுக்குக் குறுக்கே வந்தது. பிரேக்கைப் பிடித்தேன். வண்டி வழுக்கியது. அக்கா கீழே விழுந்துவிட்டார். முழங்கை தேய்ந்து ரத்தம்.

டீக்கடையில் உட்கார வைத்து, தண்ணீர் வாங்கிக் கழுவிவிட்டேன். அழுதுகொண்டே கழுவினேன்.

“ஏங்கண்ணு அப்படி பிரேக் புடிச்ச?”

“பூச்சிங்க்கா. கூட்டமா குறுக்க வந்துச்சு.”

“பேயற மழையில எந்தப் பூச்சி கண்ணு பறக்கும்?”

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாப்பாட்டுப் பையிலிருந்து தூக்குப்போசிக்கு மூடுகிற வெள்ளைத் துணியை எடுத்து, டியூப் லைட்டுக்குக் கீழே ரெண்டு கையாலும் விரித்துப் பிடித்தார்.

“இதுல கறை இருக்குதா?”

“இருக்குது.”

“எங்க?”

விரலை வைத்தேன். அக்கா துணியை மெதுவாகத் தலைகீழாகத் திருப்பினார்.

துணியைத் திருப்பினால் கறையும் கூடவே திரும்ப வேண்டும். மேலே இருந்தது கீழே வர வேண்டும். செக்கிங்கில் சேர்ந்த முதல் நாள் சொல்லிக் கொடுப்பது இதுதான். நான் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்!

கறை திரும்பவில்லை. என் விரலுக்கு நேராக அங்கேயே நின்று மினுங்கியது.

அக்கா துணியை மடித்தார். “நேத்து வாயில வரக்கூடாததச் சொல்லிட்டேன்” என்றார். “ஏதாவது மாத்திர கீத்திர திங்கறியா கண்ணு?”

இல்லை என்றேன்.

ஜூலை 10, புதன்

நேற்று ராத்திரி மாத்திரையைப் போட்டேனா இல்லையா என்று எழுதப்போவதில்லை. என் டைரி, என் இஷ்டம்.

ஸ்கூட்டி வேண்டாம் என்று பஸ்ஸில் போனேன். எந்த பஸ் என்று பக்கத்தில் நின்ற அம்மாவிடம் கேட்டேன். படிக்கத் தெரியாதா கண்ணு என்று பாவப்பட்டார்.

அம்பு ஒட்டவே பயமாக இருந்தது. கறை தெரிந்தால் துணியைத் திருப்பினேன். பூச்சி நின்றால் ஓகே, பூச்சி திரும்பினால் ரிஜெக்ட். நல்ல முறைதான். இப்படியே சமாளித்துவிடலாம். மாதத்தில் கொஞ்ச நாள்தானே. கரு நின்றுவிட்டால் அப்புறம் மாத்திரையே தேவைப்படாது.

சாயங்காலம். மேலே எழுதியதை அடிக்கப்போவதில்லை, அப்படியே இருக்கட்டும். நான் ஓகே போட்டு அடுக்கிய ஜப்லா ஒன்றை ரஞ்சிதம் அக்கா எடுத்துக்கொண்டு வந்தார். யாருக்கும் தெரியாமல் மேஜைக்கு அடியில் காட்டினார். சுண்டுவிரல் நுழையும் ஓட்டை. பூச்சிக்குப் பின்னால் ஒளிந்திருந்திருக்கிறது.

கறை இல்லாததில் கறையைப் பார்த்தேன், சரி. ஓட்டை இருப்பதை ஓகே என்று அனுப்பினேனே. நான்! வேலைக்கு வந்த நாளிலிருந்து என் மேஜையைத் தாண்டி ஒரு ஓட்டை போனதில்லை.

வீட்டுக்கு வந்து மாமாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். பூச்சி, லாரி, அக்கா முழங்கை, துணி, ஓட்டை. போட்ட மாத்திரையையும் சொன்னேன். டைரியில்தான் எழுத மாட்டேன் என்றேன், அவரிடம் மறைக்க முடியவில்லை.

அவர் வண்டிச் சாவியை ஆணியில் மாட்டினார். பிறகு, “அன்னைக்கு டாக்டரம்மா கண்ணப் பத்தி என்னமோ சொன்னாங்க” என்றார்.

“உங்களுக்கு ஞாபகம் இருக்குதா?”

“இப்பத்தான் ஞாபகம் வருது. கண்ணு மங்குனாலோ மினுங்குனாலோ உடனே நிறுத்திட்டு வாங்கன்னாங்க. ரெட்டைன்னு சொன்ன சந்தோசத்துல நான் அதக் காதுலயே வாங்கலீயே.”

“நிறுத்திட்டா அவ்வளவுதானா மாமா?” என்று கேட்டேன். அதுதான் என் ஒரே கேள்வி. “நமக்குக் கெடச்சதே இது ஒண்ணுதான்.”

அவர் வாயைத் திறப்பதற்குள் அத்தை உள்ளே வந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். முருகன் படத்துக்குக் கீழே இருந்த மாத்திரை அட்டையை எடுத்தார். அதில் இன்று ராத்திரிக்கு உண்டான ரெண்டு மிச்சம் இருந்தது. படத்தைப் பார்த்து, சண்டை போடுகிற குரலில் சொன்னார்.

“குடுக்கறதுன்னா ஒழுங்காக் குடு. எம்மருமவ கண்ண எடுத்துக்கிட்டு எனக்குப் பேரன் ஒண்ணும் வேண்டாம்.”

அட்டையை மாமாவின் சட்டைப் பையில் வைத்தார். ஏழு வருடத்தில் நான் அத்தையைக் கட்டிப்பிடித்தது இன்றுதான். அவருக்குக் கூச்சமாகிவிட்டது. சோறு ஆறுது என்றார்.

ஜூலை 11, வியாழன்

டாக்டரம்மா அட்டையை வாங்கி மேஜை டிராயரில் போட்டு மூடினார்.

“பார்வையில எதுவா இருந்தாலும் உடனே சொல்லணும்னு முதல் நாளே சொன்னேனேம்மா.”

“சிஸ்டர்கிட்டச் சொன்னேனுங்களே. கண்ணுல பூச்சி பறக்குதுன்னு.”

சிஸ்டர் முகம் வெளுத்துவிட்டது. “மேடம், நான் பசி மயக்கம்னு நெனச்சுட்டேன். எல்லாரும் அப்படித்தான சொல்லுவாங்க.”

“எங்க அத்தை மசக்கைன்னு நெனச்சாங்க” என்றேன். “நான் மிஷின் எண்ணெய்னு நெனச்சேன்.”

டாக்டரம்மா சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். நான் சொன்னது அத்தனையும் நிஜம். கண்ணில் பூச்சி பறந்தது, கண்ணில் பூச்சி பறக்கிறது என்றேன். எல்லோருக்கும் பழகிய பேச்சாக இருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை.

பிறகு தெளிவாகச் சொன்னார், இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுக்கொண்டேன். இந்த மாத்திரை எனக்கு இனி ஆகாது. இந்த மாதம் மட்டுமில்லை, எப்போதுமே. நிறுத்தினால் பெரும்பாலும் பார்வை தெளிந்துவிடும். தெரிந்தும் தொடர்ந்து சாப்பிட்டால் தெளியாமலே போகலாம். வண்டி ஓட்டக் கூடாது. நாளைக்கே கண் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

“அப்ப எனக்குக் கொழந்த?”

“யாரு இல்லேன்னு சொன்னா? வேற வகை மாத்திரை இருக்கு. ஊசி இருக்கு. கண் டாக்டர் சரின்னு எழுதித் தரட்டும், உடம்பு கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும். திரும்ப எல்லா டெஸ்ட்டும் பாத்துட்டு ஆரம்பிப்போம். கதவு ஒண்ணு மூடினா கட்டடமே இடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க.”

வேற வகை! இருக்கிறதாம்! மாமா, இருக்குதாம்! ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சத்தம் போட்டுவிட்டேன்.

ஜூலை 12, வெள்ளி

கண்ணில் சொட்டு மருந்து விட்டு, உலகமே கரைந்து போகும்வரை உட்கார வைத்தார்கள். உள்ளே எல்லாம் நன்றாக இருக்கிறதாம். மெல்லத் தெளியுமாம். மாமா கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தேன். கல்யாணத்தன்று பிடித்ததோடு சரி, நடுரோட்டில் இப்போதுதான்.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்தது. அத்தைக்கு ஒரே நிம்மதி. ஆடியில் தரித்தால் சித்திரையில் பிறக்கும், அது ஆகாது என்று அவருக்கு ஏற்கெனவே உள்ளூரக் கவலை இருந்ததாம். “டாக்டரம்மா சொன்ன ஓய்வும் ஆடியும் ஒண்ணா வந்துருச்சு பாரு” என்று தெருவில் நாலு வீட்டுக்குச் சொல்லிவிட்டார். டாக்டரம்மாவே பஞ்சாங்கம் பார்த்துத்தான் மருந்தை நிறுத்தினார் என்கிற மாதிரி ஆகிவிட்டது.

பாலு அண்ணனிடம் உண்மையைச் சொன்னேன். ரிஜெக்ட் கூடை எல்லாம் திரும்ப வந்தது. நானும் ரஞ்சிதம் அக்காவும் உட்கார்ந்து அம்பு பிய்த்தோம். அக்கா பார்ப்பார், நான் பிய்ப்பேன். அவர் முழங்கையில் இன்னும் கட்டு. லைன் நடுவில் நின்று அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். “நீ கேட்டா நானும் கேக்கணும், வேலை கெட்டுப்போயிரும், உக்காரு கண்ணு” என்றார்.

திரும்பவும் கண்ணு ஆகிவிட்டேன்.

ஜூலை 29, திங்கள்

ஒரு பூச்சிகூட இல்லை. சுவரைப் பார்த்தேன், வானத்தைப் பார்த்தேன், அத்தையின் வெள்ளை முடியைப் பார்த்தேன். இல்லை, இல்லை, இல்லை!

ஆகஸ்ட் 17, சனி

ஆவணி ஒன்று. கண் டாக்டரின் சீட்டோடு போனோம். ஸ்கேன், ரத்தம், கர்ப்பம் இல்லை என்ற சோதனை, எல்லாம் முதலிலிருந்து. தேதி வந்ததும் புது மாத்திரை ஆரம்பிக்கலாம் என்றார் டாக்டரம்மா. இந்தத் தடவை எதற்கெல்லாம் நிறுத்த வேண்டும் என்று நானே கேட்டேன். மாமாவையும் திருப்பிச் சொல்ல வைத்தேன். ஸ்கூல் பிள்ளை மாதிரி ஒப்பித்தார்.

வெளியே சிஸ்டர் ஒரு புதுப் பெண்ணிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். “பூச்சி பறக்குதா? பசியில பறக்குதா, சாப்பிட்டும் பறக்குதா? எப்படிப் பறக்குதுன்னு கையால காட்டுங்க.” என்னைப் பார்த்ததும் லேசாகச் சிரித்தார். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

காலையில் பீரோவைத் திறந்தேன். முகூர்த்தப் புடவைக்கு அடியிலிருந்து அந்த ஜப்லாவை எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோனேன். முதல் கறை என்று நான் பிடித்த பீஸ்.

சிவப்பு அம்பு அப்படியே இருந்தது. அது காட்டுகிற இடத்தில் ஒன்றும் இல்லை. திருப்பினேன். உள்பக்கம் பார்த்தேன். தையல் இழுத்துப் பார்த்தேன். ஓட்டை இல்லை, பிசிறு இல்லை. கப்பலேறிப் போயிருக்க வேண்டிய பீஸை ரெண்டு மாதமாக செகண்ட்ஸ் என்று பூட்டி வைத்திருக்கிறேன்.

ஸ்டிக்கரை மெதுவாகப் பிய்த்தேன். பசைகூட ஒட்டவில்லை.

நியாயப்படி நல்ல பீஸ் என்றால் நாளைக்குக் கம்பெனியில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். செக்கிங் பெண் நானே இப்படிச் செய்யக் கூடாது. பாலு அண்ணன் கேட்டால் நாத்தனார் பிள்ளைக்குப் பத்தவில்லை என்று சொல்லலாம், அதுவும் பொய்யில்லை.

கொடுக்கப் போவதில்லை. வெந்நீரில் துவைத்து, வெயிலில், ஊருக்கே தெரிகிற மாதிரி மொட்டைமாடிக் கொடியில் காயப்போட்டிருக்கிறேன்.